கெப்ளர்-452பி உண்மையிலேயே இருக்கிறதா?

வடக்குவானம் எழுதியது:

கெப்ளர்-452பி என்ற கோளைப் பற்றிய பழைய செய்தி மறுபடியும் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. "இரண்டாவது பூமி கிடைத்துவிட்டது" என்று தலைப்பு, கூடவே கடலும் மேகமுமாக ஒரு படம். அந்தப் படம் ஓவியர் வரைந்தது. அந்தக் கோளை யாரும் படம் எடுத்ததில்லை, இன்றைக்கு இருக்கும் எந்தத் தொலைநோக்கியாலும் எடுக்கவும் முடியாது.

நான் பார்த்தவரை தமிழில் இதைப் பற்றி வந்தவை எல்லாம் 2015 ஜூலை 23 அன்று நாசா வெளியிட்ட அறிவிப்போடு நின்றுவிடுகின்றன. மூன்று ஆண்டு கழித்து நடந்தது பேசப்படுவதே இல்லை. அதற்காகத்தான் இந்த இழை.

முதலில் அதிகம் தகராறு இல்லாத பகுதி. கெப்ளர்-452 என்பது நாசாவின் கெப்ளர் விண்தொலைநோக்கி பார்த்த, சூரியனைப் போன்ற ஜி2 வகை விண்மீன். அளவில் சூரியனைவிட 10 சதவீதம் பெரியது, பிரகாசத்தில் 20 சதவீதம் அதிகம். வயது ஏறத்தாழ 600 கோடி ஆண்டு, சூரியனைவிட 150 கோடி ஆண்டு மூத்தது. இருப்பது சிக்னஸ் என்கிற அன்னம் விண்மீன் கூட்டத்தில். 2015இல் தொலைவு 1,400 ஒளியாண்டு என்றார்கள். கையா விண்கலத்தின் அளவீடு வந்த பிறகு அது 1,800க்குப் பக்கத்தில் போய்விட்டது. அதைச் சுற்றுவதாகச் சொல்லப்படும் கோளுக்கு ஓர் ஆண்டு என்பது 385 நாள். ஆரம் பூமியைப்போல் 1.6 மடங்கு. அதன்மேல் விழும் ஒளி நமக்குக் கிடைப்பதைவிட 10 சதவீதம்தான் கூடுதல். சூரியன் போன்ற விண்மீனைச் சுற்றி, ஏறக்குறைய நம் தொலைவிலேயே, ஏறக்குறைய நம் ஆண்டுக்கணக்கிலேயே ஒரு சிறிய கோள். அறிவிப்பு வந்தபோது உலகமே பரபரத்ததில் ஆச்சரியம் இல்லை.

2018இல் ஃபெர்கல் முலாலி, சூசன் தாம்சன், ஜெஃப்ரி காஃப்லின், கிறிஸ்டோபர் பர்க், ஜேசன் ரோ ஆகியோர் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். வெளியில் இருந்து குறை சொல்ல வந்தவர்கள் இல்லை, கெப்ளர் தரவிலேயே ஆண்டுக்கணக்கில் ஊறியவர்கள். அவர்கள் சொன்னதன் சாரம்: கெப்ளர் தரவை மட்டும் வைத்துக்கொண்டு இப்படி ஒரு கோளை 99 சதவீத உறுதியோடு "இருக்கிறது" என்று சொல்ல முடியாது. வேறொரு கருவி தனியாகப் பார்த்துச் சொல்லும்வரை இது கேண்டிடேட்தான், அதாவது இன்னும் உறுதியாகாத கோள்.

எனக்கு இந்தக் கட்டுரையின் வாதம் சரியாகப் படுகிறது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

இரவுக்காவலன் எழுதியது:

அண்ணா, இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. கண்டுபிடிப்புக் கட்டுரையை எழுதிய ஜான் ஜென்கின்ஸ் யாரோ எவரோ இல்லை. கெப்ளர் தரவைச் சலித்துக் கோள்களைத் தேடும் மென்பொருளை உருவாக்கிய குழுவுக்கே தலைவர். அவருடைய கட்டுரையில், இது கோளாக இருக்கும் வாய்ப்பு 99.7 சதவீதத்துக்கு மேல் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன உறுதி வேண்டும்? ஒவ்வொரு கண்டுபிடிப்பையும் இப்படிக் கிளறிக்கொண்டே போனால் எதையுமே கண்டுபிடித்ததாகச் சொல்ல முடியாது.

சிக்னல்சேகர் எழுதியது:

காவலன், அந்த 99.7 எதோடு எதை ஒப்பிட்டு வந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

விண்மீனின் ஒளி குறிப்பிட்ட இடைவெளியில் கொஞ்சம் குறைந்து மறுபடி பழைய நிலைக்கு வருகிறது. அதற்குக் காரணம் குறுக்கே போகும் கோளாக இருக்கலாம். அல்லது அதே திசையில் வெகு பின்னால் ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன் ஒன்று இருந்து, அதன் ஒளி இதனுடன் கலந்து நம்மை ஏமாற்றலாம். பிளெண்டர் என்ற முறையை வைத்து இந்த இரண்டில் எது அதிக சாத்தியம் என்று பார்த்தார்கள். கோள்தான் என்று 400க்கு 1 என்ற கணக்கில் பதில் வந்தது. அந்தக் கணக்கில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை.

ஆனால் அந்தக் கேள்வியே "விண்மீன் பக்கம் இருந்து ஏதோ ஒன்று வந்திருக்கிறது" என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. மூன்றாவது ஒரு சாத்தியம் இருக்கிறது. வானத்தில் எதுவுமே நடக்காமல், கேமராவின் மின்னணுச் சுற்றிலேயே அந்தச் சரிவு உண்டாகியிருக்கலாம். முலாலி குழு எடுத்த புள்ளி இது. 99.7க்குள் இந்த மூன்றாவது சாத்தியம் சேரவே இல்லை.

தேன்மொழி_கோவை எழுதியது:

எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இந்த வாரம் இதைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். சேகர் சார், வடக்குவானம், ஒரு அடிப்படைக் கேள்வி. அந்தச் சரிவு எவ்வளவு சிறியது? கேமராக் கோளாறோடு குழப்பிக்கொள்ளும் அளவுக்கு அவ்வளவு சிறியதா? டிராப்பிஸ்ட்-1 என்ற விண்மீனின் கோள்கள் விஷயத்தில் யாரும் இப்படிச் சந்தேகப்பட்டதாகத் தெரியவில்லையே.

வடக்குவானம் எழுதியது:

டீச்சர், சரியான இடத்தில் கேட்டீர்கள்.

வெளியில் இருந்து பார்க்கிற ஒருவருக்குப் பூமி சூரியனைக் கடந்தால், சூரிய ஒளி பத்து லட்சத்தில் 84 பங்கு குறையும். கடந்து முடிக்க அதிகபட்சம் 13 மணி நேரம். கெப்ளர்-452பி கொஞ்சம் பெரியது என்பதால் சரிவு பத்து லட்சத்தில் 200 பங்கு அளவு, கடக்கும் நேரம் பத்து மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேல். விண்மீனோ 13.4 ஒளிப்பொலிவெண் (இந்த எண் கூடக் கூட விண்மீன் மங்கல்). இருட்டான கிராமத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் கடைசி விண்மீனைவிடக் கிட்டத்தட்ட 900 மடங்கு மங்கலானது. அவ்வளவு மங்கலான ஒன்றின் ஒளியை, பத்தாயிரத்தில் இரண்டு பங்கு மாறுகிறதா என்று அளந்திருக்கிறார்கள்.

டிராப்பிஸ்ட்-1 கதை வேறு. அந்த விண்மீன் வியாழனைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான். அதனால் பூமி அளவுக் கோள் குறுக்கே வந்தால் ஒளி 0.7 சதவீதம் வரை குறைகிறது. கெப்ளர்-452பியின் சரிவைப்போல் முப்பது மடங்குக்கு மேல். அங்கே முதல் கோள் ஒன்றரை நாளுக்கு ஒரு முறை சுற்றிவிடுகிறது. எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம், தரையில் இருந்தே பார்க்கலாம், ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி பார்த்தது, வெப் விண்தொலைநோக்கி பார்க்கிறது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

கெப்ளர்-452பி விஷயத்தில் நான்கு ஆண்டில் கிடைத்தவை நான்கே நான்கு சரிவுகள். 2013க்குப் பிறகு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

சிக்னல்சேகர் எழுதியது:

கேமராக் கோளாறு என்று சும்மா சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும், அது எப்படி ஒரு கோள் மாதிரியே நடிக்கும் என்று விளக்கிவிடுகிறேன். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கெப்ளர் பூமியைச் சுற்றவில்லை. பூமிக்குப் பின்னால் மெல்லப் பின்தங்கியபடி சூரியனைச் சுற்றியது. ஒரு சுற்றுக்கு 372 நாள். 2009 மார்ச்சில் ஏவப்பட்டு, அன்னம், லைரா கூட்டங்களுக்கு நடுவே ஒரே திசையை, ஒன்றரை லட்சம் விண்மீன்களை, நான்கு ஆண்டு வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தது. சூரியத் தகடுகள் சூரியனை நோக்கியே இருக்க வேண்டும் என்பதால், ஏறத்தாழ 93 நாளுக்கு ஒரு முறை விண்கலத்தை அதன் அச்சிலேயே 90 பாகை திருப்புவார்கள். பார்க்கும் திசை மாறாது, ஆனால் படம் கேமராவில் விழும் இடம் மாறிவிடும். கெப்ளரின் கேமரா 42 சிசிடிகளால், அதாவது ஒளியைப் பதியும் சில்லுகளால், ஆனது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு விண்மீன் வேறு ஒரு சிசிடிக்குப் போகும். நான்கு முறை திருப்பினால் பழைய சிசிடிக்கே வந்து சேரும். அதற்கு ஆகும் காலம் அதே 372 நாள்.

இப்போது, அந்த சிசிடிகளில் சிலவற்றின் மின்னணுச் சுற்றில் ஒரு கோளாறு இருந்தது. வெப்பநிலை கொஞ்சம் மாறினால் படத்தின் குறுக்கே மெல்லிய பட்டை ஒன்று நகர்ந்துபோகும். அந்தப் பட்டை ஒரு விண்மீனின் மேல் போனால் அதன் ஒளி சில மணி நேரம் ஏறி இறங்கியதாகப் பதிவாகும். அளவு? பத்து லட்சத்தில் சில நூறு பங்கு இருந்தால் போதும், பூமி மாதிரிக் கோள் கடந்ததைப் போலவே இருக்கும்.

ஆக, ஒரு விண்மீன் ஆண்டுக்கு ஒரு முறை அந்தக் கெட்ட சிசிடியில் போய் உட்காருகிறது. அந்தக் காலாண்டில் மட்டும் போலிச் சரிவு ஏதாவது வருகிறது. அடுத்த ஆண்டு மறுபடி. தேடும் மென்பொருளுக்கு இது ஏறக்குறைய ஓராண்டு இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் சரிவு. அதாவது நாம் தேடிக்கொண்டிருந்த அதே பொருள்! கெப்ளர் தேடலில் கிடைத்த குறிகளை எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகின்றன என்று அடுக்கி வரைபடம் போட்டால், 372 நாள் பக்கத்தில் ஒரு மலையே எழும்பி நிற்கும். அத்தனை விண்மீன்களும் சொல்லிவைத்தாற்போல் அதே காலத்தில் சுற்றும் கோள்களை வைத்திருக்க முடியாது. அந்த மலையில் பெரும்பகுதி கேமரா செய்த வேலை.

கெப்ளர்-452பியின் 385 நாள் அந்த மலையின் ஓரத்திலேயே இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு 12 நாள் சொச்சம் வித்தியாசம். முதல் சரிவுக்கும் நான்காவது சரிவுக்கும் இடையே மூன்று சுற்று, மொத்த நழுவல் 37 நாள். ஒரு காலாண்டு 93 நாள். எனவே நான்கு சரிவுக்குள் அதிகபட்சம் ஒரு முறைதான் சிசிடி மாறியிருக்க முடியும். நான்கு வெவ்வேறு சிசிடிகளில் அதே சரிவு தெரிந்திருந்தால் நான் இப்போது காவலன் பக்கம் நின்று பேசிக்கொண்டிருப்பேன்.

பழனிவேல்70 எழுதியது:

சேகர் சொன்னதோடு ஒரு வரலாற்றையும் சேர்க்க வேண்டும். கெப்ளர் திட்டம் போட்டபோது சூரியனைப் போன்ற விண்மீன்கள் எல்லாம் சூரியனைப் போலவே அமைதியாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். 12ஆம் ஒளிப்பொலிவெண் விண்மீனில், ஆறரை மணி நேர அளவீட்டில், மொத்த இரைச்சல் (கோள் இல்லாமலே அளவீட்டில் வரும் ஏற்ற இறக்கம்) பத்து லட்சத்தில் 20 பங்குக்குள் அடங்கும் என்று கணக்கு. மேலே போய்ப் பார்த்தால் 30 பங்கு. பல விண்மீன்கள் நம் சூரியனைவிடக் கொந்தளிப்பானவையாக இருந்தன.

20க்கும் 30க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். இரைச்சல் ஒன்றரை மடங்கானால் அதே தெளிவுக்கு இரண்டேகால் மடங்கு காலம் பார்க்க வேண்டும். மூன்றரை ஆண்டுத் திட்டம் எட்டு ஆண்டாக நீள வேண்டிய நிலை. நீட்டிப்பும் கிடைத்தது. ஆனால் விண்கலத்தை ஆடாமல் நிறுத்திவைக்கும் நான்கு சுழல் சக்கரங்களில் ஒன்று 2012 ஜூலையிலும் இன்னொன்று 2013 மேயிலும் பழுதாகிவிட்டன. குறைந்தது மூன்று வேண்டும், மிஞ்சியது இரண்டு. அதோடு அந்தத் திசையை வெறித்துப் பார்ப்பது முடிந்தது. பிறகு கே2 என்ற பெயரில் வேறு திசைகளைப் பார்த்து 2018 அக்டோபர் 30இல் ஓய்வுபெற்றது.

இன்னும் நான்கு ஆண்டு ஓடியிருந்தால் நான்கு சரிவு எட்டாகியிருக்கும், நாமும் இந்த விவாதத்தை நடத்த வேண்டியிருக்காது. எனக்கு அந்தச் சக்கரங்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

இரவுக்காவலன் எழுதியது:

சேகர் அண்ணா சொன்ன 372 நாள் விஷயம் எனக்குப் புதிது. ஆனால் ஒன்று கேட்கிறேன். போலிகள் நிறைய இருக்கின்றன என்பதற்காக இதுவும் போலி என்று ஆகிவிடாதே? எத்தனை போலி, எத்தனை நிஜம் என்று யாராவது அளந்திருக்கிறார்களா, அல்லது "இருக்கலாம், இருக்கலாம்" என்ற அளவில்தான் பேச்சா?

வடக்குவானம் எழுதியது:

அளந்திருக்கிறார்கள், அந்த முறை மிக அழகானது.

2017இல் கெப்ளர் குழு கடைசிப் பட்டியலை வெளியிட்டது. மொத்தம் 4,034 கேண்டிடேட்கள். இந்த முறை எந்தக் குறி கோள், எது குப்பை என்று மனிதர்கள் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. ரோபோவெட்டர் என்ற நிரல் எல்லாவற்றுக்கும் ஒரே விதியை வைத்துத் தீர்ப்பு சொன்னது. நிரல் என்பதால் அதையே சோதித்துப் பார்க்க முடிந்தது.

முதல் சோதனை: எல்லா விண்மீன்களின் ஒளி வரைபடத்தையும் தலைகீழாகப் புரட்டினார்கள். அப்போது உண்மையான கோளின் சரிவு மேடாகிவிடும், நிரல் அதைக் கோள் என்று எடுக்காது. ஆனால் கேமராவின் பட்டை ஒளியை ஏற்றவும் செய்யும், இறக்கவும் செய்யும். புரட்டினாலும் அது சரிவுகளைக் காட்டும். ஆகவே புரட்டிய தரவில் "கோள்" என்று எது கிடைத்தாலும் அது நூற்றுக்கு நூறு போலி. இரண்டாவது சோதனை: காலாண்டுகளின் வரிசையைக் கலைத்துப் போட்டார்கள். உண்மையான கோளின் சீரான இடைவெளி உடைந்துவிடும். அதற்குப் பிறகும் சீரான இடைவெளியில் ஏதாவது கிடைத்தால் அதுவும் போலி.

இந்தப் போலி வானங்களிலும் ரோபோவெட்டர் கோள்களைக் "கண்டுபிடித்தது". குறுகிய சுற்றுக்காலத்தில் மிகக் குறைவு. நீண்ட சுற்றுக்காலம், ஆழம் குறைந்த சரிவு என்று வரும் மூலையில், அதாவது பூமி மாதிரிக் கோள்கள் இருக்க வேண்டிய அதே மூலையில், புறக்கணிக்க முடியாத அளவுக்குக் கிடைத்தன. கெப்ளர்-452பி இருப்பது அந்த மூலையில்.

காவலன் கேட்டதற்கு நேர் பதில்: இது போலி என்று யாரும் நிரூபிக்கவில்லை. கோளாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நானும் நினைக்கிறேன். 99 சதவீதம் என்ற வாசலைத் தாண்டவில்லை, அவ்வளவுதான். "அநேகமாக இருக்கிறது" என்பதற்கும் "இருக்கிறது" என்பதற்கும் நடுவில் உள்ள தூரத்தை நாம் மதிக்க வேண்டும் என்கிறேன்.

நிலவன் எழுதியது:

எல்லாம் சரி, 1,800 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிற ஒன்றுக்கு இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டுமா? வாயேஜர்-1 வேகத்தில் போனால் அங்கே சேர 3 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். பக்கத்தில் 4.2 ஒளியாண்டில் பிராக்சிமா பி என்ற கோள் இருக்கிறது, 40 ஒளியாண்டில் டிராப்பிஸ்ட்-1 இருக்கிறது. வெப் தொலைநோக்கியால் அவற்றை ஆராயவும் முடிகிறது. கெப்ளர்-452பி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

பழனிவேல்70 எழுதியது:

நிலவன் தம்பி, நீங்கள் சொன்ன பக்கத்துக் கோள்கள் எல்லாம் சிவப்புக் குறுமீன்கள் என்ற சிறிய, மங்கலான விண்மீன்களைச் சுற்றுபவை. பிராக்சிமா பிக்கு ஓர் ஆண்டு 11 நாள். அவ்வளவு நெருக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல் அந்தக் கோளும் தன் விண்மீனுக்கு ஒரே முகத்தைக் காட்டும். ஒரு பக்கம் என்றும் பகல், மறுபக்கம் என்றும் இரவு. அந்த விண்மீன்கள் இளமையில் கடுமையாகச் சீறுபவை, காற்றையே உரித்துவிடலாம். 2023இல் வெப் டிராப்பிஸ்ட்-1பியின் வெப்பத்தை அளந்தது. பகல் பக்கம் 230 டிகிரி செல்சியஸ், தடித்த வளிமண்டலத்துக்கான அடையாளம் இல்லை. அடுத்த கோளான சியிலும் வெள்ளிக் கோள் மாதிரி அடர்ந்த கரியமிலக் காற்று இல்லை என்று தெரிந்தது.

நம்மைப் போன்ற வீடு எத்தனை என்று தெரிய வேண்டுமானால் நம் சூரியனைப் போன்ற விண்மீன்களிடம்தான் போக வேண்டும். அங்கே கையில் இருக்கும் உதாரணங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதனால்தான் ஒவ்வொன்றுக்கும் மல்லுக்கட்டு.

காற்றுமண்டலம் எழுதியது:

காலநிலை இயற்பியல் படிக்கிறேன். கோள் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அது வாழத் தகுந்ததா என்பது தனிக் கேள்வி, அங்கேயும் நிலைமை விளிம்பில்தான் இருக்கிறது.

10 சதவீதம் கூடுதல் ஒளி என்பது கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் ஒளி கூடினால் கடல் அதிகம் ஆவியாகும், நீராவி வெப்பத்தைப் பிடித்துவைக்கும், இன்னும் ஆவியாகும். ஒரு கட்டத்துக்கு மேல் இது தானாகவே ஓடி, கடல் முழுவதும் வற்றிவிடும். அந்தக் கட்டம் எங்கே என்று ரவிக்குமார் கொப்பரப்பு குழு 2013இல் கணக்கிட்டபோது, நம் சூரியனுக்கு உள் எல்லை 0.99 வானியல் அலகு என்று வந்தது (ஒரு அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவு). பூமி 1.0இல் இருக்கிறது! மயிரிழையில் தப்பியிருக்கிறோம் என்று அர்த்தம். அதே ஆண்டு ஜெரெமி லெகோந்த் குழு முப்பரிமாண மாதிரியில் காற்றோட்டத்தையும் சேர்த்துப் பார்த்தபோது எல்லை 0.95 வரை உள்ளே போனது. 0.95இல் கிடைக்கும் ஒளி பூமியைவிட 11 சதவீதம் அதிகம். கெப்ளர்-452பிக்கு 10. ஆக ஒரு கணக்குப்படி வெளியே, இன்னொரு கணக்குப்படி உள்ளே, அதுவும் வாசற்படியில். ஈர்ப்பு அதிகமாக இருந்தால் கோளுக்குக் கொஞ்சம் சாதகம் உண்டு.

அடுத்து, அது பாறைக் கோளா என்பதே தெரியாது. ஆரம் 1.6 என்பது மிகச் சங்கடமான அளவு. அதற்கு மேல் போனால் பெரும்பாலான கோள்கள் தடித்த வாயு உறை உடைய குட்டி நெப்டியூன்களாக இருக்கின்றன. கண்டுபிடித்தவர்களே பாறையாக இருக்கும் வாய்ப்பை 49 முதல் 62 சதவீதம் என்றுதான் சொன்னார்கள். ஐந்து பூமி எடை, இரண்டு மடங்கு ஈர்ப்பு என்று செய்திகளில் வருவதெல்லாம் மாதிரிக் கணக்கு. எடையை யாரும் அளக்கவில்லை. ஐந்து பூமி எடை இருந்தால்கூட அது தன் விண்மீனை நொடிக்கு அரை மீட்டருக்கும் குறைவாகத்தான் அசைக்கும். இவ்வளவு மங்கலான விண்மீனில் அதை அளக்கக் கருவி இல்லை.

அந்தக் கோள் இருந்து, அது பாறையாகவும் இருந்தால், நம் பூமி நூறு கோடி ஆண்டுக்குப் பின் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு முன்மாதிரி. சூரியனும் அதற்குள் 10 சதவீதம் பிரகாசமாகிவிடும். எனக்கு இந்தக் கோளில் ஈர்ப்பு அதுதான், "மாற்று வீடு" என்பதில் இல்லை.

தேன்மொழி_கோவை எழுதியது:

காற்றுமண்டலம், அந்தக் கடைசிப் பத்தியை அப்படியே வகுப்பில் சொல்லப் போகிறேன். இன்னொன்று: ஒரு கோள் பட்டியலில் இருப்பதும் இல்லாததும் பெரிய கணக்கை எவ்வளவு மாற்றும்? மொத்தம் ஆயிரக்கணக்கில் கோள்கள் இருக்கின்றனவே.

வடக்குவானம் எழுதியது:

நிறைய மாற்றும், டீச்சர். ஆயிரக்கணக்கில் இருப்பவை பெரும்பாலும் விண்மீனுக்கு மிக அருகில் சுற்றுபவை. சூரியன் மாதிரி விண்மீன், பூமி மாதிரி அளவு, ஓராண்டுச் சுற்று என்று மூன்றும் சேர வேண்டுமென்றால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். அதிலும் ஒவ்வொன்றும் தன்னோடு இன்னும் பலவற்றுக்குப் பிரதிநிதி. பூமி மாதிரிக் கோளின் பாதை நம் பார்வைக் கோட்டில் சரியாக விழும் வாய்ப்பு 200இல் ஒன்று. ஒரு கோள் தெரிந்தால் தெரியாமல் போனவை 200 என்று பெருக்க வேண்டும். அந்த ஒன்று போலி என்றால் பெருக்கிய அத்தனையும் போலி.

2021இல் ஸ்டீவ் பிரைசன் குழு இந்தப் போலிகளையும் கணக்கில் எடுத்துச் சொன்ன விடை: சூரியன் மாதிரி விண்மீன் ஒன்றுக்கு, வாழத் தகுந்த மண்டலத்தில், பாறையாக இருக்கக்கூடிய அளவில் 0.37 முதல் 0.60 கோள். அந்த எண்களின் பிழை வரம்பு எண்களைவிடவே பெரிதாக இருக்கிறது. நாசா அடுத்து கட்ட நினைக்கும் ஹேபிடபிள் வேர்ல்ட்ஸ் தொலைநோக்கி இருபத்தைந்து கோள்களையாவது நேரடியாகப் பார்க்க வேண்டும் என்பது இலக்கு. அதன் கண்ணாடி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதே இந்த எண்ணைப் பொறுத்தது. கண்ணாடி பெரிதானால் செலவு எகிறும். கெப்ளர்-452பி மாதிரி நான்கு சரிவுகளை நம்பலாமா என்ற கேள்வி அங்கே போய் முட்டுகிறது.

இரவுக்காவலன் எழுதியது:

சரி, வேறு கருவியால் பார்த்தால் தீர்ந்தது என்கிறீர்கள். ஏன் இன்னும் பார்க்கவில்லை? ஹபிள் இருக்கிறதே?

சிக்னல்சேகர் எழுதியது:

ஹபிளால் முடியலாம், ஆனால் லேசு இல்லை. ஹபிள் பூமியை 95 நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றுகிறது, பூமி அடிக்கடி குறுக்கே வந்துவிடும். பத்து மணி நேரச் சரிவை, அதற்கு முன்னும் பின்னும் சேர்த்து, துண்டு துண்டாகப் பார்க்க வேண்டும். 385 நாளுக்கு ஒரு முறைதான் வாய்ப்பு. 2013க்குப் பிறகு எந்தச் சரிவும் அளக்கப்படாததால், அடுத்தது எந்த மணிக்கு வரும் என்பதில் உள்ள நிச்சயமின்மையும் ஒவ்வொரு சுற்றுக்கும் கூடிக்கொண்டே போகிறது. நாசாவின் டெஸ் விண்தொலைநோக்கி இந்தத் திசையைப் பார்த்திருக்கிறது, ஆனால் அதன் லென்ஸ் பத்து சென்டிமீட்டர்தான். கெப்ளருக்கு 95 சென்டிமீட்டர். இவ்வளவு மங்கலான விண்மீனில் இவ்வளவு சிறிய சரிவு டெஸ்ஸுக்குத் தெரியாது. ஐரோப்பாவின் பிளேட்டோ விண்கலம் 26 கேமராக்களோடு போகப் போகிறது, ஆனால் அது முதலில் பார்க்கப்போவது தெற்கு வானத்தை.

என் நம்பிக்கை சீனாவின் எர்த் 2.0 விண்கலத்தின் மேல். 2028இல் ஏவுவதாகத் திட்டம். சுமார் 30 சென்டிமீட்டர் தொலைநோக்கிகள் ஆறு, எல்லாம் ஒரே திசையைப் பார்க்கும், அந்தத் திசைக்குள் கெப்ளர் பார்த்த பகுதியும் அடங்குகிறது. நான்கு ஆண்டு பார்ப்பதாக ஏற்பாடு. 385 நாள் கோள் என்றால் மூன்று சரிவாவது விழும். எல்லாவற்றையும்விட முக்கியம், அது வேறு கேமரா, வேறு மின்னணுச் சுற்று, வேறு பாதை. 372 நாள் பூதம் அங்கே வராது. கெப்ளர் சொன்ன அதே கணக்கில் அங்கேயும் சரிவு விழுந்தால் நான் சந்தேகத்தை விட்டுவிடுவேன்.

நிலவன் எழுதியது:

அதுவரை சும்மா இருக்க வேண்டியதுதானா? கெப்ளர் தரவை நம்மைப் போன்றவர்கள் பார்க்க முடியுமா?

வடக்குவானம் எழுதியது:

தாராளமாக. எல்லாம் பொதுவில் இருக்கிறது, மாஸ்ட் என்ற ஆவணக் காப்பகத்தில். கெப்ளர் பட்டியலில் இந்த விண்மீனின் எண் 8311864. கோளின் எண் கேஓஐ-7016.01. பைத்தான் தெரிந்தால் லைட்கர்வ் என்ற இலவசத் தொகுப்பை நிறுவிக்கொண்டு அந்த எண்ணைக் கொடுத்தால் நான்கு ஆண்டுத் தரவும் இறங்கிவிடும். அரை மணிக்கு ஒரு புள்ளி.

ஒரு யோசனை. எல்லோரும் முதலில் நான்கு சரிவையும் ஒன்றன்மேல் ஒன்று மடித்துப் பார்ப்பார்கள், பார்க்க அழகாகவும் இருக்கும். மடிக்காமல் நான்கையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒவ்வொரு சரிவும் எந்தக் காலாண்டில், எந்த சிசிடியில் விழுந்தது என்று கோப்பின் தலைப்பிலேயே இருக்கும். அதே காலாண்டில் பக்கத்து விண்மீன்களையும் இறக்கி, அங்கேயும் அதே நேரத்தில் ஏதாவது அசைகிறதா என்று ஒப்பிட வேண்டும். சேகர், அந்தப் பட்டை எந்த சிசிடிகளில் மோசம் என்ற பட்டியல் கெப்ளர் கருவிக் கையேட்டில் இருக்கிறது, அதை நீங்கள் எடுத்துப் போட முடியுமா?

சிக்னல்சேகர் எழுதியது:

போடுகிறேன். நிலவன், நீங்கள் 8311864ஐ இறக்குங்கள். காவலன், அதைச் சுற்றியுள்ள விண்மீன்களை நீங்கள் எடுத்துக்கொள்ள முடியுமா?

இரவுக்காவலன் எழுதியது:

எடுத்துக்கொள்கிறேன். கோள் இருக்கிறது என்ற பக்கம்தான் இன்னும் நிற்கிறேன், ஆனால் நான்கையும் தனித்தனியாகப் பார்க்க எனக்கும் ஆசையாக இருக்கிறது. எவ்வளவு தூரம் வரை உள்ள விண்மீன்களை எடுக்க வேண்டும்?

சிக்னல்சேகர் எழுதியது:

வானத்தில் அருகில் இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பட்டை சிசிடியின் வரிசைகளோடு சேர்ந்து நகர்வது, அதனால் அதே சிசிடியில், அதே வரிசையை ஒட்டி இருப்பவை வேண்டும். வரிசை எண்ணும் கோப்பின் தலைப்பிலேயே இருக்கிறது. முதலில் பத்து எடுத்துப் பாருங்கள், போதாவிட்டால் கூட்டிக்கொள்ளலாம்.